ஒரு தடவைதான் கேட்டாள்

பாக்கன் வீட்டுக்குப் பின்னால் கரை இல்லை என்பதை முதலில் பார்த்தவள் பள்ளி மாணவி ஹோடன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்ம் தெருவின் பின்புறமாக, மணல் மூட்டைச் சுவரை ஒட்டியே நடந்து வந்தவள், துவோராக் வீட்டோடு சுவர் சட்டென்று திரும்பி மேட்டில் ஏறி முடிந்துவிட்டதைக் கண்டு நின்றாள். அதற்கு அந்தப் பக்கம் தெருவின் கடைசி வீடு. அங்கே வெர்னன் பாக்கன் தனியாளாக ஒரு மூட்டையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய மனிதர். அவர் கட்டியிருந்த சுவர் அவருடைய முழங்கால் உயரம்கூட இல்லை. ரெட் ஆறு பனிக்கட்டித் துண்டுகளைச் சுமந்துகொண்டு வந்து அவருடைய ஆப்பிள் மரத்தின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது.

ஹோடன் போன் செய்தபோது மாரிட் டோலஃப்சன் பள்ளி ஜிம்மில் நின்று வானொலிக்காரருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரிலேயே முதலில் கரை கட்டி முடித்த தெரு எல்ம் தெரு. கட்டி முடித்த மாணவர் படைக்குத் தலைவி மாரிட். பதினேழு வயது. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாரிட், பாக்கன் வீட்டுக்கு ஏன் சுவர் இல்ல?" என்றாள் ஹோடன்.

"அவங்க வேணாம்னுட்டாங்க."

"வேணாம்னவரு ஏன் தனியா மூட்டை தூக்கிட்டு இருக்காரு?"

மாரிட் போனைக் காதிலிருந்து இறக்கினாள். வானொலிக்காரர் ஒலிவாங்கியை நீட்டியபடி நின்றார். அவள் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்று, முடியாமல், வாசலை நோக்கி நடந்தாள்.

வெள்ளம் வரும் வசந்தத்தில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நடக்காது. பனி உருகத் தொடங்கியதும் பிள்ளைகள் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார்கள். இந்த வருஷம் நகராட்சியில் ஆள் போதவில்லை. அதனால் தெருக்களைப் பிரித்து மாணவர் மன்றத்திடம் கொடுத்திருந்தார்கள். அதுவரை மன்றத் தலைவி என்றால் நடன விழாவுக்குத் தோரணம் கட்டுவது, ஏழைகளுக்கு டப்பா உணவு சேர்ப்பது, இவ்வளவுதான் வேலை. எல்ம் தெரு மாரிட்டுக்கு வந்தது. மூன்றாம் தெரு கோல்பி ஷாஃபருக்குப் போனது. தேர்தலில் மாரிட்டிடம் மயிரிழையில் தோற்ற அதே கோல்பி, கால்பந்து அணியின் முரட்டுப் பையன். போட்டி இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு துரும்பும் நகராது. ஜிம் சுவரில் ஒரு பலகை வைத்து, எந்தத் தெரு எவ்வளவு முடிந்தது என்று பெயிண்ட் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நகராட்சிப் பொறியாளர் கிரேக் லுண்ட் வெள்ளிக்கிழமை மாரிட்டிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வீடு வீடாகப் போய்க் கேள், மேட்டில் இருப்பவர்களுக்குச் சுவர் வேண்டியிருக்காது, வேண்டியவர்களுக்கு மட்டும் கட்டு, மூட்டை குறைவாக இருக்கிறது.

அவளும் போனாள், கேட்டாள். வெர்னன் பாக்கன் கதவைத் திறந்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. துவோராக் வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்கு. அவங்களை முதல்ல பாருங்க" என்றார். "சரி, மிஸ்டர் பாக்கன்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கி ஓடினாள்.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வடக்கே, நார்வேக்காரர்களும் ஜெர்மானியர்களும் வந்து உழுத ஊர் இது. இங்கே முதல் 'வேண்டாம்' வெறும் மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்', எதிரில் நிற்பவர் உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்று பதில் வரும். பிறந்தநாள் வீட்டில் கேக்கையே கண்ணால் விழுங்கிக்கொண்டு இரண்டு தடவை வேண்டாம் என்பவர் மாரிட்டின் அப்பா. இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தாய்ப்பாலோடு வருகிறது.

அப்படியிருக்க, மாரிட் ஒரே ஒரு தடவை கேட்டாள். தெரியாமல் அல்ல. பாக்கன் வீட்டுக் கொல்லை கிண்ணம் மாதிரி குழிந்த இடம். அங்கே சுவர் இரண்டு மடங்கு உயரம் வேண்டும், ஒரு பகல் வேலை பிடிக்கும். ஜிம் பலகையில் கோல்பியின் தெரு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வெர்னனின் 'வேண்டாம்' அவள் காதில் தேன் மாதிரி விழுந்தது. தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அவர் கதவை இன்னும் சாத்தவில்லை. கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஞாயிறு காலை வானிலைக்காரர்கள் கணக்கை மாற்றிவிட்டார்கள். ஆறு இன்னும் இரண்டு அடி ஏறும், இருட்டுவதற்குள் ஏறும் என்றார்கள். மற்ற தெருக்களுக்கு அது தாங்கும். பாக்கன் வீட்டுக்குத் தாங்காது.

மாரிட் கிரேக் லுண்டைத் தண்ணீர் நிலையத்து வாசலில் பிடித்தாள். அவர் மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகத்தோடு, இரண்டு வாக்கி-டாக்கிகளில் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு இரண்டையும் கீழே இறக்கினார்.

"அந்தாளு வேணாம்னாருன்னு நீ சொன்னதாலதான் நான் சுவரை அங்க வளைச்சேன்" என்றார்.

"தெரியும்."

"எத்தனை தடவை கேட்ட?"

மாரிட் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"பஸ் கொட்டகையில கொஞ்சம் மூட்டை இருக்கு. ஹீட்டர் ஓடுது, அதனால உறையல. எடுத்துக்கோ. வெளிய கிடக்கிறதைத் தொடாத, கல்லாட்டம் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அவங்க கொல்லையில, சுவருக்கு வெளிய ஆத்துப் பக்கமா, துணி காயப்போடுற இரும்புக் கம்பம் இருக்கில்ல? அதுல இடுப்பு உயரத்துக்குச் சிவப்பு நாடா கட்டு. தண்ணி அந்த நாடாவைத் தொட்டா, சுவர் எவ்வளவு எழுந்திருந்தாலும் சரி, எல்லாரும் வெளிய. அவசரத்துல கட்டுன சுவர் அதுக்கு மேல நிக்காது. உடைஞ்சா அந்தக் குழி ஒரே மூச்சுல நிரம்பிடும். நான் அங்க இருக்க மாட்டேன். நீதான் சொல்லணும். முடியுமா?"

"முடியும்."

"மாரிட். முடியுமா?"

"முடியும்" என்றாள் மறுபடியும்.

ஆள் வேண்டும். நேற்று மத்தியானமே 'முடிந்தது' என்று அறிவித்து, கைதட்டி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். பாதிப் பேர் இன்னும் தூக்கத்தில் இருப்பார்கள். போனை எடுத்து மாணவர் குழுவுக்கு எழுதினாள்: 'பாக்கன் வீட்டில் கூடுதல் உதவி தேவைப்படுகிறது. முடிந்தவர்கள் வரவும்.' அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்த ஹோடன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னமோ அவங்க இப்பத்தான் கேட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

"வேற எப்படி எழுதச் சொல்ற?"

"எனக்கென்னடி தெரியும். எழுதப்போறது நீ."

ஹோடனின் குடும்பம் சோமாலியாவிலிருந்து வந்து எங்கள் ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு இந்த ஊர் மரியாதையெல்லாம் அத்துபடி, ஆனால் ஒப்புக்கொள்வது கிடையாது. மாரிட் எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதினாள்: 'எல்ம் தெரு முடியல. முடிஞ்சதுன்னு நான் சொன்னது பொய். பாக்கன் வீட்ல நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். தயவுசெஞ்சு வாங்க.' யோசித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் அனுப்பினாள்.

வெளியூர்க்காரருக்கு அந்தச் செய்தி ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பிள்ளைகளின் போனிலிருந்து அம்மாக்களின் போனுக்குப் போய், அங்கிருந்து தேவாலயத்துப் பெண்கள் குழுவுக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டோலஃப்சன் வீட்டுப் பெண், வெர்னனிடம், ஒரே ஒரு தடவை.

பாக்கன் வீட்டுக்கு முதலில் வந்தது கோல்பியின் வண்டி. பின்னால் அவனுடைய கால்பந்துக் கூட்டாளிகள், மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலேயே இன்னொரு காரில் அவனுடைய அம்மா வந்தார்.

"ஒரு தடவையா?" என்றான் கோல்பி இறங்கும்போதே. "எங்கம்மாகிட்ட உப்பு வேணுமான்னு கேக்கவே மூணு தடவை ஆகும். உனக்குத் தெரியாதா, தலைவியம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். உன்னை ஜெயிக்கணும்னு."

அவன் ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். "சரி, எங்க ஆரம்பிக்கணும்?" என்றான்.

வெர்னன் பாக்கன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ, ஞாயித்துக்கிழமை உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்? நானே பாத்துக்கறேனே."

ஆறு அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தொடங்கலாமா என்று உண்மையாகவே யோசித்தான் ஒருவன். ஹோடன் பொறுக்கமாட்டாமல் ஒரு மூட்டையைத் தூக்கி அவருடைய சுவரின்மேல் பொத்தென்று வைத்தாள்.

"எங்க வீட்ல விருந்தாளி வேணாம்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டோம், மிஸ்டர் பாக்கன். தட்டுல வெச்சிடுவோம்."

வெர்னன் அவளைப் பார்த்தார். அவருடைய தாடை இரண்டு முறை அசைந்தது. "அந்த ஓரத்துல வெச்சா நல்லாருக்கும்" என்றார் கடைசியில்.

மாரிட் சிவப்பு நாடாவைக் கம்பத்தில் கட்டினாள். தண்ணீருக்கும் நாடாவுக்கும் நடுவே அவளுடைய முழங்கை நீளம் இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். துவோராக் மூலையிலிருந்து ஒரு குழு, எதிர்ப்பக்கச் சாலை மேட்டிலிருந்து ஒரு குழு, இரண்டும் நடுவில் வந்து சேர வேண்டும் என்று பிரித்துவிட்டாள். பிறகு வீட்டுக்குள் போனாள். வெர்னனின் மனைவி ஆர்டிஸ் பாக்கனை வெளியேற்ற வேண்டும். அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கைப்பிடிச் சட்டம் இல்லாமல் நடக்க முடியாது.

ஆர்டிஸ் சமையலறை ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அலுமினியத் தாள் மூடிய இரண்டு பெரிய தட்டுகள் இருந்தன.

"மிஸஸ் பாக்கன், நான் மாரிட்."

"தெரியும் கண்ணு. வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியா பாத்தேன். ஓடிட்டிருந்த."

மாரிட்டின் கண் அந்தத் தட்டுகளின்மேல் போனது. ஆர்டிஸ் அதைக் கவனித்தார்.

"பிள்ளைங்களுக்குன்னு சாக்லேட் பார் சுட்டு வெச்சேன். அந்தப் பொண்ணு திரும்பி வந்து கேக்கும்னு வெர்னன் சொன்னாரு. சனிக்கிழமையும் அதையேதான் சொன்னாரு. இப்ப கொஞ்சம் காஞ்சிருக்கும்."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இடுப்பு வலியோடு நின்றுகொண்டு இந்த அம்மாள் கேக் மாதிரித் துண்டு போடும் பார் இரண்டு தட்டு சுட்டிருக்கிறார், மாரிட்டின் பிள்ளைப் படைக்காக, இரண்டு நாளாக மூடி வைத்துக் காத்திருந்திருக்கிறார். மாரிட்டுக்குத் தன்மேல் அப்படி ஓர் அருவருப்பு அதற்கு முன்பு வந்ததில்லை. அழுதால் இவர் எழுந்து வந்து சமாதானப்படுத்துவார், அதைவிடக் கேவலம் வேறில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வெளிய கோல்பியோட அம்மா கார் நிக்குது. உங்களைத் தேவாலயத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"நான் இங்கயே இருக்கேன் கண்ணு, பரவால்ல."

மாரிட் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து, அவருக்கு முன்னால் வந்து, கைகள் நுழையும்படி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வெளியே பையன்கள் கத்தும் சத்தம் கேட்டது. ஆர்டிஸ் சமையலறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, ஒரு கையை நுழைத்தார்.

காரில் ஏறியதும், "அந்தத் தட்டுங்களையும் கொடுத்துடு" என்றார்.

அதற்கப்புறம் வேலைதான். வீட்டின் முன்பக்கத்திலிருந்து கொல்லைவரை இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் நின்றார்கள். ஒருவர் தெற்கே பார்த்து நின்றால் அடுத்தவர் வடக்கே பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் இடுப்பு ஒடியாது. மூட்டை கைமாறிக் கைமாறி வந்தது. சுவரில் நின்றவர்கள் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி, வாயை மடித்து, மேலே ஏறி மிதித்தார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை. நேற்று முழுக்கப் பாடிய கூட்டம் இது. தேவாலயத்திலிருந்து நேரே வந்த அப்பாக்கள் சிலர், நல்ல சட்டையோடு வரிசையில் நுழைந்துகொண்டார்கள். மாரிட்டின் அப்பாவும் வந்தார். அவள் பக்கத்தில் நின்று மூட்டையை வாங்கினார்.

இரண்டு ஓரங்களும் நன்றாக எழுந்தன. நடுவில்தான் சிக்கல். கிண்ணத்தின் அடி அங்கேதான் இருந்தது, வெர்னன் தனியாகப் போட்ட மூட்டைகளும் அங்கேதான். அவர் தன் வீட்டுக் கொட்டிலில் இருந்த உறைந்த மூட்டைகளை வைத்திருந்தார். அவை கல்லாக நின்றன, இடைவெளிகளில் தண்ணீர் கசிந்தது. பிரித்துக் கட்ட நேரம் இல்லை. பிளாஸ்டிக் விரிப்பை மேலே போர்த்தி, அதன்மேல் அடுக்கினார்கள். பஸ் கொட்டகையிலிருந்து வண்டி வந்துபோய் வந்துபோய், ஒரு தடவை கோல்பி, "இதுதான் கடைசி லோடு" என்று கத்தினான்.

மாரிட் மூட்டை வாங்குவாள், கம்பத்தைப் பார்ப்பாள். வாங்குவாள், பார்ப்பாள். முழங்கை நீளம் சாண் ஆயிற்று. சாண், நான்கு விரல் ஆயிற்று. ஒரு பனிக்கட்டி வந்து கம்பத்தில் மோதித் திரும்பிப் போனது. வெளிச்சம் சாயத் தொடங்கியது.

நடுச்சுவருக்கு இன்னும் இரண்டு வரிசை மூட்டை தேவை. கைவசம் இருந்தது அதற்குச் சரியாகப் போதும் என்று பட்டது. பட்டதா, அவள் அப்படி ஆசைப்பட்டாளா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. இந்த வீடு நின்றுவிட்டால் வெள்ளிக்கிழமை நடந்தது வெறும் கதையாகிவிடும். ஒரு தடவை கேட்டாள், ஆனால் கட்டி முடித்தாள் என்று ஊர் சொல்லும். நின்றுவிட வேண்டும், எப்படியாவது நின்றுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே கம்பத்தைப் பார்த்தாள். நாடாவின் கீழ் ஓரம் நனைந்து கறுத்திருந்தது.

அலை தெறித்திருக்கலாம். ஒரு மூட்டையை வாங்கிக் கொடுத்தாள். மறுபடி பார்த்தாள். நாடா தண்ணீரில் மிதந்தது.

"எல்லாரும் வெளிய!" என்று கத்தினாள்.

யாரும் நகரவில்லை. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை, மீதிப் பேர் கேட்காததுபோல் இருந்தார்கள்.

"வெளிய வாங்க! மூட்டையைக் கீழ போடுங்க!"

"ரெண்டே வரிசை, மாரிட்!" கோல்பி சுவரின்மேல் நின்றுகொண்டு கத்தினான். "பத்து நிமிஷம் கொடு!"

"நாடாவைத் தொட்டுடுச்சு. இறங்கு."

"உன்னால போற வீடு இது! நாங்க காப்பாத்துறோம்னா அதுக்கும் விட மாட்டேங்கிறியா?"

சொன்ன பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இன்னும் பத்து நிமிஷம் என்று தலையாட்டினால் போதும், எல்லோரும் அவளை மன்னித்துவிடுவார்கள். வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவன் ஒன்பதாம் வகுப்புப் பையன், பெயர் எல்லியட், மூட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். பல் கிட்டிக்க நின்றான், ஆனால் மூட்டையை விடவில்லை. அவள் அதை அவன் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டாள்.

"எல்லியட், மேட்டுக்கு ஓடு. ஜோசி, நீ அவன்கூட. டேன், போ. ஹோடன், அந்தப் பக்கம் இருக்கறவங்களை இழுத்துட்டு வா." பெயர் பெயராகக் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காததுபோல் இருக்க முடியாது. ஒவ்வொருவராக மூட்டையைப் போட்டார்கள். அவளுடைய அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மற்ற அப்பாக்களைத் தோளில் தட்டி நடத்திக்கொண்டு போனார். "கோல்பி, இறங்கு" என்றாள் கடைசியாக. அவன் கையில் இருந்த மூட்டையைச் சுவரின்மேல் ஓங்கிப் போட்டுவிட்டு, குதித்து, அவளைத் தாண்டிப் போனான்.

கொல்லையில் வெர்னன் மட்டும் நின்றார். நடுச்சுவரில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார், தன் பலத்தால் ஆற்றை நிறுத்திவிடலாம் என்பதுபோல்.

"மிஸ்டர் பாக்கன், வாங்க."

"நீ போம்மா. நான் பின்னாலயே வர்றேன்."

"வாங்க."

"வேணாம்மா, நான் பாத்துக்கறேன். நீ போ."

"நான் போக மாட்டேன். நீங்க வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன். வாங்க."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "இதை நீ வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் அவருடைய ஈரச் சட்டைக் கையைப் பிடித்தாள். சுவரின் அடியிலிருந்து குப்பென்ற சேற்று வாசனையோடு ஒரு தண்ணீர் நாக்கு அவர்கள் பூட்ஸுக்கு இடையே புகுந்து ஓடியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு நடந்தார்.

மேட்டில் ஏறி நான்கு மூச்சு விடுவதற்குள் நடுச்சுவர் போனது. பெரிய சத்தம்கூட இல்லை. மேல் மூட்டைகள் ஒருபக்கம் சரிந்தன, உறைந்த மூட்டைகள் உருண்டன, எல்லியட் நின்றிருந்த இடத்தின் வழியாக ஆறு பனிக்கட்டியோடு உள்ளே வந்தது. கிண்ணம் நிரம்பியது. பேஸ்மெண்ட் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. வீட்டில் எரிந்துகொண்டிருந்த சமையலறை விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. யாரோ ஒரு பெண் அழுதாள். வெர்னன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோல்பி எல்லியட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான், முகத்தில் ஈயாடவில்லை. மாரிட் தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊர் பாதி கூடியிருந்தது. ஈர சாக்ஸ்கள் ஹீட்டரின்மேல் காய்ந்தன. உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அவித்த பெரிய தட்டுகள் மேஜை மேஜையாகப் போயின. அவற்றோடு இரண்டு தட்டு சாக்லேட் பாரும் போனது, காய்ந்துதான் இருந்தது, ஒரு துண்டு மிஞ்சவில்லை. யாரும் மாரிட்டிடம் கோபமாகப் பேசவில்லை. "உன் தப்பு இல்லம்மா", "ஆறு யாரைக் கேட்டு வருது", "மனசுல வெச்சுக்காத" என்று வருகிறவர்களெல்லாம் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். எதிரில் கோல்பி உட்கார்ந்து, சாப்பிடாமல், முட்கரண்டியால் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தான்.

ஆர்டிஸ் பாக்கன் உட்கார மறுத்துவிட்டார். வீடு போன மனுஷியை உட்கார வைக்கத் தேவாலயத்துப் பெண்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அவர் தள்ளுவண்டியில் காப்பிக் குடத்தை வைத்து, அதையே பிடிமானமாகக் கொண்டு, மேஜை மேஜையாக வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றவர்களிடம் வழக்கப்படி மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார், ஊற்றினார். மாரிட்டின் மேஜைக்கு வந்து நின்றார்.

"காப்பி?"

அவளுக்குக் குளிரில் விரல் விறைத்திருந்தது. இந்தக் கையிலிருந்து வாங்கிக் குடிக்கத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

"இல்ல, பரவால்ல, மிஸஸ் பாக்கன்."

"சரி" என்றார் ஆர்டிஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

அந்தக் கீழ்த்தளத்தில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. மேஜையில் பேச்சு நின்றது. மாரிட்டின் அப்பா ரொட்டியைக் கடித்தவர் மென்று விழுங்க மறந்தார். கோல்பி முட்கரண்டியைக் கீழே வைத்தான். வெள்ளிக்கிழமை கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று மாரிட் இரண்டு நாளாக நினைத்துப் பார்க்காமல் தப்பித்து வந்தாள். இப்போது நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. நெஞ்சு வரைக்கும் தெரிந்தது.

கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மிஸஸ் பாக்கன், எனக்குக் காப்பி வேணும்."

ஆர்டிஸ் குழாயைத் திருப்பினார். கோப்பை விளிம்பு வரை நிறைந்தது.

"வெர்னன் இப்படிச் சொல்லியிருந்தா போதும்" என்றார், காப்பியையே பார்த்துக்கொண்டு.

"நான் இன்னொரு தடவை கேட்டிருந்தா போதும்."

சுற்றியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். 'அப்படியெல்லாம் சொல்லாத கண்ணு' என்று ஆர்டிஸ் சொல்வார், பேச்சு மறுபடி தொடங்கும், எல்லோரும் மூச்சுவிடலாம். ஆர்டிஸ் தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

மாரிட் தலையசைத்தாள். அந்த நாள் முழுக்க அவளிடம் யாரும் சொல்லாத சொல் அது. அங்கேயே நின்று, நாக்கு சுடச்சுட, கோப்பையைக் காலி செய்தாள். பிறகு வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஆர்டிஸோடு அடுத்த மேஜைக்கு நடந்தாள்.